இது கம்பளி அல்ல

எங்கள் பாய் விற்ற கில்ட் என்ற ஆடையின் விளம்பரம் "இது கம்பளி அல்ல" என்று தொடங்கும். ஆங்கிலத்தில் நான்கே சொற்கள். பக்கத்தின் உச்சியில், தடித்த எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே, "ஸ்காட்லாந்தில் தைத்ததும் அல்ல." இந்த இரண்டையும் படித்த பிறகும் போகாமல் நிற்கிறவர்களுக்குத்தான் மூன்றாவது வரியில் அது என்னவென்று தெரியவரும்: லூதியானாவில் நெய்த அக்ரிலிக் துணி, ஆம்பூரில் தைத்த ஆடை.

அந்தப் பக்கத்தை இணையத்தில் ஏற்றியவன் நான்.

2003 வாக்கில் நியூஜெர்சியின் பிஸ்கட்டவேயில் நாங்கள் ஒரே அபார்ட்மென்ட் வளாகத்தில் இருந்தோம். நான் பகலில் ஒரு கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தேன். அவருக்கு அப்போது வேலை இல்லை. பதினைந்து வருஷம் ஒரு மருந்துக் கம்பெனியின் தரப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர். அந்தக் கம்பெனியை இன்னொரு பெரிய கம்பெனி வாங்கியது. வாங்கிய கையோடு அந்தக் கூடத்தையே மூடிவிட்டார்கள். வளாகத்தில் இருந்த தமிழர்கள் எல்லோரும் அவரை பாய் என்றே கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். அவர் தன் முழுப் பெயரையும் உலகம் பார்க்க எழுதி வைத்தவர்தான், ஆனால் அது அவர் எடுத்த முடிவு.

மாத்திரை டப்பாவுக்குள் சின்னதாக மடித்த ஒரு தாள் இருக்குமே, தலைசுற்றல் வரலாம், வாந்தி வரலாம் என்று பொடி எழுத்தில் அச்சடித்தது, அதை முழுக்கப் படிக்கிற ஒரே மனிதராக நான் பார்த்தது இவரைத்தான். மளிகைக் கடையில் மிளகாய்ப் பொடி பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத அம்மாளிடம், "இதுல கலர் சேத்திருக்காங்க, பாத்து வாங்குங்க" என்பார். கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் பாய் குறை சொல்கிற ஆள் இல்லை. எதையும் மட்டமாகப் பேசமாட்டார். ஒரு பொருளில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது அதைத் தொடப்போகிறவனுக்கு முதலிலேயே தெரியவேண்டும், அவ்வளவுதான். தெரிந்துகொண்டே வாங்கினால் அப்புறம் அது அவன் பாடு.

நான் அவரோடு நெருங்கியது ஒரு கார் விஷயத்தில். வேலை போனதும் இருந்த இரண்டு காரில் ஒன்றை விற்க நினைத்தார். லாண்டரி ரூம் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார். மற்றவர்கள் எல்லாம் "எக்ஸலன்ட் கண்டிஷன்" என்று எழுதியிருந்த இடத்தில், இவர் பதினோரு குறைகளை வரிசையாக எழுதியிருந்தார். மூன்றாவதோ நாலாவதோ இது: "மழை நாளில் பின் சீட்டில் ஒரு வாசனை வரும். காரணம் தெரியவில்லை." இரண்டு மாதம் அந்தத் தாள் அங்கேயே இருந்தது. கடைசியில் நான் வாங்கினேன். ஓட்டிப் பார்த்ததில் பன்னிரண்டாவதாக ஒரு குறைகூட எனக்கு அகப்படவில்லை. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், பரீட்சையில் பாஸான மாதிரி.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒரு டேகேரில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பாய்க்கு வேலை போன பிறகு வீடு ஓடியது அந்தச் சம்பளத்தில்தான். ஒரே மகள், ஸ்கூல் முடித்து காலேஜ் போகிற வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலைந்து குடும்பங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா காலையிலிருந்து நின்று செய்த பிரியாணி. மூடியைத் திறந்ததும் எல்லோரும் "ஆகா" என்றோம். பாய் கரண்டியை எடுத்து, "இன்னைக்கு அடி புடிச்சிருக்கு. மேல இருந்து மட்டும் எடுங்க, கீழ போனா கசக்கும்" என்று ஒவ்வொரு தட்டுக்கும் சொல்லிச் சொல்லிப் பரிமாறினார். அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே தண்ணீர் எடுத்துவர உள்ளே போனவர் நாங்கள் கிளம்புகிற வரைக்கும் வெளியே வரவில்லை. மகள்தான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது என் மனைவியிடம் "என்ன மனுஷன்யா" என்று பாராட்டாகத்தான் சொன்னேன். அவள், "நீ அக்கா மூஞ்சியப் பாக்கலையா?" என்று மட்டும் கேட்டாள்.

கில்ட் வந்தது அவர் மச்சான் மூலமாக. மச்சானுக்கு ஆம்பூரில் தோல் பட்டறை. கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் கல்யாணத்துக்கும் விழாவுக்கும் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் கட்டம் போட்ட ஆடை, பின்பக்கம் நெருக்கமாக மடிப்பு வைத்தது. அதன் முன்னால் தொங்கும் தோல் பையை மச்சான் ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார். பையோடு ஆடையையும் தைத்துத் தருகிறேன் என்று ஒரு ஐரோப்பியக்காரனிடம் ஒப்புக்கொண்டார். தைத்து முடித்த நேரத்தில் அவன் கைவிட்டுவிட்டான். மூட்டை மூட்டையாக எல்லாம் பிஸ்கட்டவேக்கு வந்து சேர்ந்தன.

"நம்ம கைலிதான் தம்பி. மடிப்பு வெச்சுத் தெச்சு, முன்னாடி ஒரு பையத் தொங்க விட்டிருக்கான். இதை ஆன்லைன்ல விக்கலாம்ங்கிறான் மச்சான். நீங்க ஒரு வெப்சைட் பண்ணித் தர முடியுமா?"

நல்ல கம்பளியில் தைத்த கில்ட் வாங்கினால் எங்கள் அபார்ட்மென்டின் ஒரு மாத வாடகை ஆகும். இவர் வைத்திருந்தது அதில் பத்தில் ஒரு பங்குக்கு விற்கக்கூடியது. இணையத்தில் அப்படிப்பட்ட மலிவுச் சரக்கை விற்கிறவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருந்தார்கள். மலை, மூடுபனி, பழைய கோட்டை என்று படங்கள் போட்டு, "பாரம்பரியத் தரம்" என்று எழுதியிருப்பார்கள். நானும் ஒரு கோட்டைப் படம் எடுத்து வைத்திருந்தேன். பாய் அதைப் பார்த்து, "இந்தக் கோட்டைக்கும் நமக்கும் என்ன தம்பி சம்பந்தம்?" என்றார். அதற்குப் பதில் கார் நிறுத்துமிடத்தில் தானே கில்ட்டைக் கட்டிக்கொண்டு நின்றார். முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம். மூன்றாவது படத்துக்கு ஆடையைப் புரட்டி, உட்புறம் தையல் கோணலாகப் போயிருந்த இடத்தை விரலால் காட்டினார். "இதைக் கிட்டத்துல எடுங்க." மேல்மாடியிலிருந்து மகள், "டாட், பீப்பிள் ஆர் வாட்சிங்!" என்று கத்தினாள். அவர் கையசைத்தார்.

விளம்பர வாசகத்தை மஞ்சள் தாளில் கையால் எழுதிக் கொடுத்தார். இது கம்பளி அல்ல. ஸ்காட்லாந்தில் தைத்ததும் அல்ல. இந்தக் கட்டங்கள் எந்த ஸ்காட்லாந்துக் குலத்துக்கும் உரியவை அல்ல. நல்ல கில்ட்டில் எட்டு கஜம் துணி போகும், இதில் ஐந்துதான். முதல் துவைப்பில் சாயம் போகும். கடைசி வரி இது: "நெருப்புக்கு அருகில் உடுத்தாதீர்கள். இந்தத் துணி எரிந்து சாம்பலாகாது, உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்."

அந்த ஒன்றை அவர் தானே சோதித்துப் பார்த்திருந்தார். சமையலறையில் ஒரு துண்டைத் தீக்குச்சியில் காட்டி, அது சொட்டியதைப் பார்த்துவிட்டு எழுதியது.

"பாய், மருந்துக்குப் போடற மாதிரி இதை ஒரு பேப்பர்ல பிரின்ட் பண்ணி பார்சல் உள்ள வெச்சிடலாமே. பேஜ்ல எதுக்கு?" என்று கேட்டேன்.

"காசு குடுத்து முடிச்சப்புறம் சொல்றது தகவல் இல்ல தம்பி, சாக்கு. வாங்கறதுக்கு முன்னாடி தெரியணும்."

பார்சலுக்குள் எதுவும் வைக்கவில்லை. அதற்காக அவர் பிறகு ரொம்ப வருந்தினார்.

விற்பவர் யார் என்கிற பக்கத்தில் தன் பெயர், ஊர், தாடியும் தொப்பியுமாக ஒரு போட்டோ, எல்லாவற்றையும் போடச் சொன்னார். இரட்டைக் கோபுரம் விழுந்ததற்குப் பிந்திய அந்த வருஷங்களில் அப்படி ஒரு பெயரையும் முகத்தையும் போடுவது என்னவென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஏர்போர்ட்டில் அவரைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்ததைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார். "ஒரு ஸ்காட்டிஷ் பேரா வெச்சிடலாம் பாய், எல்லாரும் அதான் பண்றாங்க" என்றேன். "யார்கிட்ட வாங்கறோம்னு வாங்கறவனுக்குத் தெரிய வேணாமா?" என்றார். அசிங்கமாக இரண்டு மூன்று மெயில் வந்தது. அவற்றுக்கும் ஒவ்வொரு வரியாகப் பதில் எழுதினார்.

விற்கவில்லை. வாரத்துக்கு ஒன்று போனால் அதிகம். மூட்டைகள் வரவேற்பறையை அடைத்துக்கொண்டு நின்றன. சோபாவுக்குப் போக ஒருக்களித்து நடக்கவேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஏதோ கேபிள் கொடுக்கப் போனேன். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். அக்கா டேகேரிலிருந்து சீக்கிரம் வந்திருந்தார். கதவருகிலேயே நின்றபடி கேட்டார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்காதீங்க. அந்தப் பேஜ்ல மொத மொதல்ல கம்பளி இல்ல, அங்க தெச்சது இல்லன்னு போட்டிருக்கே, அதைக் கொஞ்சம் கீழ தள்ளிப் போட முடியுமா? எடுக்க வேணாம். கீழ போடுங்க. பொண்ணு காலேஜ் போகப்போறா. இவர் எழுதி வெச்சிருக்கறதைப் படிச்சா நானே வாங்க மாட்டேன்."

"பாய்க்குத் தெரிஞ்சா…"

"அவர் எங்க தம்பி பேஜைத் திறந்து பாக்கறாரு? ஆர்டர் மெயில்ல வருது, பேக் பண்றாரு."

உண்மைதான். ஒருமுறை படித்து, சரி என்று சொல்லிவிட்டால் பாய் திரும்பப் பார்க்கமாட்டார். என்னை அப்படி நம்பினார்.

அன்று மாலையே மாற்றினேன். அக்கா கேட்டது இரண்டு வரிகளைக் கீழே இறக்க. நான் உட்கார்ந்ததும் எனக்கு அதில் ஒரு ருசி வந்துவிட்டது. "கம்பளியின் கம்பீரம், கைக்கு அடக்கமான விலை" என்று மேலே போட்டேன். கோட்டைப் படம் வந்தது. தையல் கோணல் படம் போனது. குறைகளை எல்லாம் சேர்த்து அடியில் ஒரு சின்ன இணைப்புக்குள் வைத்தேன். நெருப்பு வரி அதில்கூடச் சேரவில்லை. நீளமாக இருந்தது, பக்கத்தின் அமைப்பைக் கெடுத்தது, எடுத்துவிட்டேன். அதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. இத்தனை வருஷம் தேடியும் கிடைக்கவில்லை.

விற்கத் தொடங்கியது. ஒரு மாதத்தில் சோபாவுக்கு நேராக நடந்து போக முடிந்தது. பாய்க்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னார். என் வீட்டில் ஒரு பிறந்தநாள் விருந்தில், நான் பக்கத்தில் நிற்கும்போதே, "பாத்தீங்களா? உண்மையச் சொன்னா லேட்டாத்தான் விக்கும், ஆனா விக்கும். தம்பியைக் கேளுங்க, பேஜ் அப்படியேதான் இருக்கு" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கேக்கை வெட்டி எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இலையுதிர்காலம் முடிகிற சமயம், ஒரு சனிக்கிழமை காலை பாய் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கவருக்குள் ஒரு கடிதம், ஒரு போட்டோ, எங்கள் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் அச்சடித்த தாள்.

கடிதம் பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊரிலிருந்து ஒரு பெண் எழுதியது. அவருடைய கணவர் ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கணவரின் தாத்தா ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர். ஊர் விழாவுக்காக எங்களிடம் கில்ட் வாங்கியிருக்கிறார். விழா முடிந்து வந்தவர் அதைக் கழற்றாமல் பின்கட்டில் உதிர்ந்த இலைகளைக் குவித்துக் கொளுத்தியிருக்கிறார். பொறி தெறித்தது. துணி முழங்காலுக்கு மேலே உருகி ஒட்டிக்கொண்டது. போட்டோவில் கட்டுப் போட்ட கால். "நாங்கள் வழக்குப் போடப்போவதில்லை. ஒன்று மட்டும் தெரியவேண்டும். இது இப்படி உருகும் என்று உங்களுக்கு முன்பே தெரியுமா?"

பாய் அந்த அச்சடித்த தாளை என்னிடம் நீட்டினார். குரலில் கோபம் இல்லை.

"நம்ம பேஜ் மாதிரியே இருக்கு தம்பி. ஆனா நான் எழுதினது இல்ல."

அப்போது என் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தைகளை நான் மறக்கவில்லை.

"அக்காதான் பாய் மாத்தச் சொன்னாங்க."

அவர் தாளை மடித்துக் கவருக்குள் வைத்தார். பிறகு, "கேள்வி கேட்டிருக்காங்க. போய் பதில் சொல்லணும். வரீங்களா?" என்றார்.

"கேஸ் போட்டுருவாங்க பாய். லாயர்கிட்டக் கேக்காம எதையும் ஒத்துக்காதீங்க. உங்க பேரு வேற…"

"வரீங்களா, இல்லையா?"

போனேன். இரண்டரை மணி நேரம். வழியில் அவர் பேசியது ஒரே ஒரு முறை. "அன்னைக்கு நீங்க சொன்ன மாதிரி பேப்பரை உள்ள வெச்சிருக்கணும். முன்னாடியும் சொல்லணும், பின்னாடியும் சொல்லணும். நான் பாதிதான் யோசிச்சேன்."

சின்ன வீடு. அந்த மனிதர் காலை ஸ்டூலில் நீட்டி வைத்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர்தான் சங்கடப்பட்டார். அவ்வளவு மலிவாக ஒரு கில்ட் வாங்கினால் வேறென்ன எதிர்பார்க்கமுடியும் என்று ஆங்கிலத்தில் ஏதோ தமாஷாகச் சொன்னார். அவர் மனைவி சிரிக்கவில்லை. கடிதத்தில் கேட்டதையே நேரில் கேட்டார். உங்களுக்குத் தெரியுமா?

"தெரியும்" என்றார் பாய். "நானே கொளுத்திப் பார்த்து எழுதினேன். இவர் அதை எடுத்துவிட்டார். என் மனைவி மாற்றச் சொல்லியிருக்கிறார். நான் திரும்பிப் பார்க்காமல் இருந்துவிட்டேன். எல்லாம் என் பெயரில் விற்றது, ஆகவே பொறுப்பு என்னுடையது."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. "ஏன்?" என்று மட்டும் கேட்டார். பக்கம் அழகாக இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? "சாரி" என்றேன். அவர் எங்கள் இருவருக்கும் காபி கொடுத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பாய் கூப்பிட்டு அனுப்பினார். வாங்கியவர்கள் எல்லோருக்கும் ஒரு மெயில் அனுப்பவேண்டும், முகவரிகள் என்னிடம்தான் இருந்தன. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் ஒரு பக்கம். எதிரில் பாய், மஞ்சள் தாளோடு. அக்கா சமையலறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவரிடம் பாய் முந்தின நாளே பேசியிருக்கவேண்டும், கண்கள் வீங்கியிருந்தன.

பாய் தாளைச் சத்தமாகப் படித்தார். நீங்கள் வாங்கிய கில்ட் நெருப்பில் உருகும். ஒருவர் காயப்பட்டிருக்கிறார். திருப்பி அனுப்பினால் முழுப் பணமும் தருகிறேன். பார்சலுக்குள் எச்சரிக்கை வைக்காதது என் முதல் தவறு. பக்கத்தைச் சரிபார்க்காதது இரண்டாவது. பிறகு இந்த வரி: "நான் எழுதிய உண்மைகளை, விற்பனை கூடவேண்டும் என்பதற்காக, என் மனைவியின் வேண்டுகோளின்பேரில் என் நண்பர் நீக்கினார்."

நண்பர் என்றால் யாராகவும் இருக்கலாம். மனைவி என்றால் ஒருத்திதான்.

பாய் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். மிரட்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "இதுல எதுனா பொய் இருக்கா?"

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஒரு வரியை எடுக்க எனக்குத் தெரியாதா? யாரும் கேட்காத வரியையே எடுத்தவன். அன்று மட்டும் பாய் சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் அடித்து அனுப்பினேன்.

பலர் திருப்பி அனுப்பினார்கள், அதைவிட அதிகம் பேர் வைத்துக்கொண்டார்கள். வியாபாரம் அத்தோடு நின்றது. ஆனால் கடிதம் நிற்கவில்லை. வாங்கியவர்களில் யாரோ அதை ஒரு குழுமத்தில் போட, அங்கிருந்து ஒரு இந்தியர் கையில் கிடைத்து, "இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மனிதர்" என்ற தலைப்போடு மெயிலில் சுற்ற ஆரம்பித்தது. நியூஜெர்சித் தமிழர்கள் யாருக்கும் அது வராமல் இல்லை. என் ஆபீஸில் இருந்த ஒரு பையன், அதில் வரும் நண்பர் நான் என்று தெரியாமல், எனக்கே அனுப்பினான். பள்ளிவாசலில் பாயின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எல்லோரும் மனம் நெகிழ்ந்துதான் அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் அந்த ஒரு வரியும் கூடவே போனது.

அக்கா வேலை பார்த்த டேகேரில் பாதிக் குழந்தைகள் இந்தியக் குழந்தைகள். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை. ஒரு தாய் சாயங்காலம் குழந்தையைக் கூட்டிப் போகும்போது, இன்றைக்கு உண்மையிலேயே என்ன சாப்பிட்டான் என்று சொல்லுங்கள் என்றாளாம். அந்த "உண்மையிலேயே" வேண்டுமென்று சொன்னதா, வாயில் வந்ததா, தெரியாது. அக்கா அந்த வாரக் கடைசியில் வேலையை விட்டார். மகள் அப்பாவிடம் கேட்ட கேள்வியை பாயே எனக்குச் சொன்னார், குழம்பிப் போய்: "'வொய் இஸ் மாம் இன் இட்?'ன்னு கேக்கறா தம்பி. நடந்ததத்தான போட்டேன். வேற எப்படி எழுதறது?"

அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. அப்போதுதான் எனக்கு அவரைப் பார்த்து முதல்முறையாகப் பயமாக இருந்தது. பயத்துக்குள் வேறொன்றும் இருந்தது. இந்த மனிதரிடம் நான் ஒரு விஷயத்தை இன்னும் சொல்லவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகப் போவதை நிறுத்திக்கொண்டேன். அவர்கள் வேறு வீட்டுக்கு மாறினார்கள். பாய்க்கு ஒரு மருந்துக் கடையில் வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து எடிசனில் ஒரு மளிகைக் கடையில் அக்காவைப் பார்த்தேன். நான் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குத் திரும்பப் போனேன். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நேராக வந்துவிட்டார். நலம் விசாரித்தார். மகள் நன்றாகப் படிக்கிறாளாம். பிறகு அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார்.

"நெருப்பப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல தம்பி. கம்பளி, ஸ்காட்லாந்து, அதத்தான் கீழ போடச் சொன்னேன்."

"தெரியும் அக்கா."

"தெரியுமா?" அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "நீங்க மறந்துட்டீங்களோன்னு நெனைச்சேன். ரெண்டு வருஷமா அப்படித்தான் நெனைச்சுக்கிட்டிருக்கேன்."

"அன்னைக்கு நீங்க ஏன் பாய்கிட்டச் சொல்லல?"

"நான் சொன்னா சாக்குன்னு ஆயிடும். அவருக்கு அதுதான் ஆகாதே." வண்டியின் பிடியைத் துடைத்தார். "நீங்க சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டு நின்னேன்."

வண்டியைத் தள்ளிக்கொண்டு பில் போடும் இடத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு இன்னும் இரண்டு வாரம் ஆனது. ஒருநாள் மதியம் ஆபீஸ் கார் நிறுத்துமிடத்தில், காருக்குள் உட்கார்ந்து பாய்க்கு போன் பண்ணினேன். நெருப்பு வரியை அக்கா எடுக்கச் சொல்லவில்லை, எதையுமே எடுக்கச் சொல்லவில்லை, கீழே போடத்தான் சொன்னார், எடுத்தது நானாக எடுத்தது என்று சொன்னேன்.  

"இத ரெண்டு வருஷமா வெச்சிருந்தீங்களா தம்பி?" என்றார். பிறகு, "அவளும் வெச்சிருந்தாளா?" என்றார். அது என்னைக் கேட்டதாகத் தோன்றவில்லை. போனை வைத்துவிட்டார்.

மறுநாள் எனக்கு ஒரு மெயில் வந்தது. அந்தப் பழைய முகவரிகள் எல்லாவற்றுக்கும் அனுப்பப்பட்டது. முதல் மெயில் அனுப்பிய அன்றே என்னிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தார். ஆங்கிலத்தில் அவரே அடித்தது, அங்கங்கே எழுத்துப் பிழைகள். பொருள்: திருத்தம். உள்ளே ஐந்தாறு வரிகள்தான். என் முந்தைய கடிதத்தில் ஒரு பொய் இருந்தது. எந்த எச்சரிக்கையையும் நீக்கும்படி என் மனைவி சொல்லவில்லை. அவரிடம் சரியாகக் கேட்காமலேயே அப்படி எழுதினேன். உங்களில் யாராவது அந்தக் கடிதத்தைப் பிறருக்கு அனுப்பியிருந்தால், தயவுசெய்து இதையும் அவர்களுக்கு அனுப்புங்கள்.

அடுத்த சில மாதங்கள் வந்த மெயில்களை எல்லாம் திறந்து பார்த்தேன். அந்தத் திருத்தத்தை வேறு யாரும் எனக்கு அனுப்பவில்லை. நானும் யாருக்கும் அனுப்பவில்லை.